கிழக்குப் பக்க வாங்கு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் டெனிஷ் பேசத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்தப் பதவியை எனக்கு யாரும் தரவில்லை. வேறு ஆள் இல்லாததால் அது என் தலையில் வந்து விழுந்தது. வைத்தியரிடம் போனாலும், கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்துக்குப் போனாலும், கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் ஒழுகுகிறது என்று கதவைத் தட்டினாலும், அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றுகொள்வார்.

அந்த வேலையில் சீக்கிரமே ஒரு சூட்சுமத்தைக் கண்டுபிடித்தேன். அம்மா தன் முதுகு நோவைப் பற்றி வைத்தியரிடம் பத்து நிமிடம் சொல்வார். எப்போது தொடங்கியது, குனிந்தால் எங்கே இழுக்கிறது, ஊரில் என்ன எண்ணெய் பூசினார், அதை யார் காய்ச்சித் தந்தார் என்று எல்லாம் வரும். நான் "முதுகு நோகிறதாம்" என்று சொல்லி முடித்துவிடுவேன். வைத்தியர் குளிசை எழுதித் தருவார். அவருக்கும் நேரம் மிச்சம், எனக்கும் நேரம் மிச்சம். சுருக்கிச் சொல்வதில் என்னை அடிக்க ஆளில்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அதை நம்பினேன்.

இது எண்பத்தாறாம் ஆண்டில், டென்மார்க்கில் அல்பர்ட்ஸ்லுண்ட் என்ற ஊரில். அப்பா எண்பத்து நான்கிலேயே தனியாக வந்துவிட்டார். அடுத்த வருடம் அம்மாவும் நானும் வந்து சேர்ந்தோம். அண்ணா வரவில்லை. அவருக்குப் பதினேழு வயது. சோதனை எழுதிவிட்டு வருகிறேன் என்று பெரியம்மா வீட்டில் தங்கிவிட்டார். நாங்கள் புறப்பட்ட அன்று எனக்குத் தன் பேனாவைத் தந்து, தான் வந்ததும் திருப்பித் தரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அந்தப் பேனாவை நான் விமானத்திலேயே தொலைத்துவிட்டேன்.

நாங்கள் வந்த நான்காம் மாதம் பெரியம்மாவின் கடிதம் வந்தது. ஊரில் இராணுவம் நடத்திய ஒரு சுற்றிவளைப்பில் அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். முகாம் முகாமாக ஏறி இறங்கியும் அப்படி ஒருவர் தங்களிடம் இல்லை என்றுதான் சொல்கிறார்களாம். இரண்டு கிழமை கழித்து இன்னொரு கடிதம் வந்தது. முகாமிலிருந்து விடுபட்டு வந்த பொடியன் ஒருவன், ஒரு நாள் விடிய அண்ணாவைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டதாகச் சொல்லியிருந்தான். அப்பா அந்தப் பொடியனை நம்பினார். அம்மா நம்பவில்லை. முகத்தைக் கண்டானா என்று கேட்டார். முகத்தைக் கண்டதாகக் கடிதத்தில் இல்லை.

செத்த வீட்டுக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு ஒழுங்கு உண்டு. முப்பத்தொரு நாள் துடக்கு. சாமிப் படத்துக்கு விளக்கு வைக்கக் கூடாது, மீனோ இறைச்சியோ மச்சம் எதுவும் சமைக்கக் கூடாது, கோயிலுக்கோ கலியாணத்துக்கோ போகக் கூடாது, விதைப்பது போன்ற நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தால் வீடு மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். அப்பா அந்த ஒழுங்கை வேண்டினார். மகனுக்காக வாய்விட்டு அழவேண்டும், அழுது முடித்து ஒரு முப்பத்தோராம் நாளைக் காணவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை ஆசை என்று எழுத எனக்கு மனம் கூசுகிறது, ஆனால் வேறு சொல் இல்லை. அம்மாவுக்கோ துடக்குக் காப்பது பிள்ளையைத் தன் கையால் கொல்வதற்குச் சமம். அவர் ஒவ்வொரு பின்னேரமும் குசினி அலுமாரிக்கு மேலே இருந்த பிள்ளையார் படத்துக்கு விளக்குக் கொளுத்தினார். அம்மா தீப்பெட்டியை எடுத்தவுடன் அப்பா எழுந்துபோய்ப் படிக்கட்டில் நிற்பார். எட்டு மாதம் இப்படியே போனது. சாப்பாடு ஆறுகிறது என்று சொல்வதற்கும், சம்பளக் கடதாசி எங்கே என்று கேட்பதற்கும் இருவருக்கும் நான் வேண்டியிருந்தது. தமிழிலிருந்து தமிழுக்கும் நானே மொழிபெயர்த்தேன். பள்ளிக்கூடத்தில் எத்தனை சகோதரங்கள் என்று கேட்டால், ஒரு அண்ணா, இலையுதிர் காலத்தில் வருகிறார் என்று சொல்ல அம்மா பழக்கியிருந்தார். இலையுதிர் காலம் வந்துபோன பிறகு, எங்கே உன் அண்ணா என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

எங்கள் மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே பெரிய புல்வெளி ஒன்று இருந்தது. நாய்களைத் தவிர வேறு யாருக்கும் அதனால் பயனில்லை. அதை எல்லோருக்கும் பொதுவான தோட்டமாக்குவது என்று குடியிருப்புச் சபை முடிவுசெய்து, வடிவமைக்க ஒரு பெண்ணை அமர்த்தியது. அவர் அமெரிக்காவின் பூர்வகுடி. பெரிய ஏரிகளுக்குக் கிட்ட வாழும் ஹோடனோஷோனி மக்கள், ஆறு இனங்கள் சேர்ந்த கூட்டம், அவர்களில் ஒருவர். டென்மார்க்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்தவர். எங்கள் வகுப்பே தலையில் இறகு செருகிய ஒருவரை எதிர்பார்த்துக் காத்திருந்தது. அவர் மழைக்கோட்டோடு சைக்கிளில் வந்து இறங்கினார். பிள்ளைகள் ஏமாந்துபோய்க் கலைந்துவிட்டார்கள். அம்மா அவருக்குத் தோட்டக்கார மனுசி என்று பெயர் வைத்தார். நான் அன்ரி என்றேன்.

முதல் கூட்டத்திலேயே அப்பா அவருடைய வரைபடத்தில் பிழை பிடித்தார். அப்பா ஊரில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவர். இங்கே ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் தட்டுகள் கழுவினார். வடக்கு மூலை தாழ்வானது, மழைத் தண்ணீர் அங்கே தேங்கும் என்று படத்தைத் தொட்டு ஆங்கிலத்தில் காட்டினார். அன்ரி கோபிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை படச் சுருளோடு எங்கள் குசினி மேசைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் வந்தார். அப்பா பல மாதத்துக்குப் பிறகு கோடு போடும் அடிமட்டத்தைக் கையில் எடுத்தார்.

அவர்களுக்குள் ஒத்துவராத விசயங்களும் இருந்தன. அப்பாவுக்குக் கோடு என்றால் நேர்கோடு. அன்ரியின் படத்தில் நேர்கோடே இல்லை. வட்ட வட்டமாக மண் மேடுகள். மேட்டின் நடுவில் சோளன், அதைப் பிடித்து ஏற அவரை மாதிரிப் போஞ்சிக்கொடி, கீழே மண்ணை மூடிப் படரப் பூசணி. மூன்றையும் அவருடைய ஆட்கள் சகோதரிகள் என்கிறார்களாம், பிரித்து நடமாட்டார்களாம். டென்மார்க்காரர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் வேலி கேட்டார்கள். வேலி போட்டால் பூசணிக்கு யார் சொல்வது என்று அன்ரி கேட்டார். அந்த வாதத்தில் வென்றவர் அவர்தான். ஆனால் நடுவில் ஒரு தீ மூட்டும் இடம் வேண்டும் என்று கேட்டதில் தோற்றுவிட்டார். தீயணைப்பு விதி இடம்கொடுக்கவில்லை. கடைசியில் கல்லால் ஒரு வட்டம் மட்டும் கிடைத்தது, தீ இல்லாமல்.

அந்தக் கல் வட்டத்தின் இரு பக்கமும், கிழக்கே ஒன்று மேற்கே ஒன்றாக, எதிரெதிரே ஆட்கள் உட்கார இரண்டு நீள வாங்குகள் படத்தில் இருந்தன. இது எதற்கு என்று அப்பா கேட்டார். தங்கள் ஊரில் குலங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும், ஒரு பக்கத்தாருக்குச் சாவு வந்தால், அந்தப் பக்கத்தார் ஒரு வேலையும் செய்யக் கூடாது என்று அன்ரி சொன்னார். மற்றப் பக்கத்தார்தான் குழி வெட்டுவார்கள், சமைப்பார்கள், அவர்களுக்கு முன்னால் இருந்து ஆறுதல் சொல்வார்கள். கண்ணீரைத் துடைத்துவிட, அடைத்த தொண்டையைத் திறந்துவிட என்று அதற்கு வார்த்தைகளே இருக்கின்றனவாம். அந்தச் சடங்கை இங்கே கொண்டுவந்து செய்ய எனக்கு உரிமை இல்லை, இருப்பதற்கு இடம் மட்டும் செய்து தரலாம் என்றார். அந்த வருடத்தில் வீட்டில் சாவு கண்டவர்கள் விதைப்பு நாளில் கிழக்கு வாங்கில் இருக்கட்டும். அவர்களுடைய மேட்டில் மற்றவர்கள் விதைக்கட்டும். இதையெல்லாம் அப்பா பிற்காலத்தில் எனக்குச் சொன்னார். அன்று நான் கண்டது, அப்பா மையை எடுத்துக் கிழக்கு வாங்கைத் தானே வரைந்ததைத்தான். அதை நேர்கோடாக வரைந்தார். அன்றுதான் அண்ணாவைப் பற்றி அன்ரிக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரலில் நடந்த கூட்டத்தில் அன்ரி இந்த வாங்குகளைப் பற்றி எல்லோருக்கும் கால் மணி நேரம் டெனிஷில் விளக்கினார். சில கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். அம்மா என் முழங்கையை இடித்து, என்ன சொல்லுறா என்று கேட்டார். எனக்குக் கேக் வெட்டுகிற மேசையில் கண். இருக்கிறதுக்கு ரெண்டு வாங்கு போடப்போகினமாம் என்று சொன்னேன். நல்லதுதான், கால் உளையேக்கை இருக்கலாம் என்றார் அம்மா.

சோளனை அன்ரி மே மாதத்திலேயே ஊன்றிவிட்டார். தெருவோர ஓக் மரத்தின் தளிர் அணிலின் காதளவு வரும்வரை காத்திருந்து ஊன்றினார். அது ஒரு சாண் வளர்ந்த பிறகு போஞ்சியையும் பூசணியையும் ஜூனில் எல்லோருமாகக் கூடி விதைப்பது என்று ஏற்பாடு. வீட்டுக்கு வீடு விதை கொடுத்தார். அவருடைய தாய் ஊரிலிருந்து அனுப்பிய விதைகள். விதையையும் மண்ணையும் பற்றிய முடிவைத் தங்கள் வழக்கத்தில் பெண்கள்தான் எடுப்பார்கள் என்று சொல்லி, எங்கள் பங்கை அம்மாவின் கையில் கொடுத்தார்.

அம்மா மாறிப்போனார். போஞ்சி விதைகளை ஐஸ்கிறீம் டப்பாவில் ஊறப்போட்டு அடிக்கடி எட்டிப் பார்த்தார். சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி விழுந்த விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து எனக்குக் காட்டினார். துடக்கு வீட்டில் விதை தொடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அம்மா தொட்டார். அப்பா பார்க்கும்படியாகவே தொட்டார் என்று இன்று நினைக்கிறேன். இந்த வீட்டில் சாவு இல்லை என்று அவர் விதையால் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவின் காதில் விழட்டும் என்று என்னிடம் சொன்னார்.

"பூசணி காய்க்கிற நேரத்துக்குக் கொண்ணரும் வந்திடுவார். அவருக்குப் பூசணிக்கறி எண்டால் வேறொண்டும் தேவையில்லை."

அப்பா சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

விதைப்பு நாளன்று வானம் மூடிக் கிடந்தது. ஆனால் மழை இல்லை. குடியிருப்பே கீழே இறங்கியிருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர்ப் பூவாளிகளோடு ஓடித் திரிந்தார்கள். மேற்கு வாங்கில் கோப்பிப் போத்தல்களும் கேக் தட்டுகளும் வைத்திருந்தார்கள். அம்மா நல்ல சேலை ஒன்றை உடுத்து அதன்மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, டப்பாவை இரு கையாலும் ஏந்தியபடி எங்கள் மேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக இருந்தேன். விதைப்பதற்கு எனக்கு அப்படி ஒரு அவசரம்.

கிழக்கு வாங்கில் நாலைந்து பேர் வந்து இருந்தார்கள். மார்கழியில் மனைவியைப் பறிகொடுத்த கீழ்வீட்டுக் கிழவர், தாயை இழந்த ஒரு நர்ஸ், இன்னும் சிலர். அப்பா நடந்துபோய் அவர்களுக்குப் பக்கத்தில், ஓரத்தில், இருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கொப்பர் ஏன் அங்கை போய் இருக்கிறார்?" என்று அம்மா கேட்டார்.

களைப்பாக இருக்கும் என்று சொன்னேன். வாங்கின் கதையை ஏப்ரலில் சுருக்கிவிட்டிருந்தேன். இப்போது அதை முழுதாகச் சொல்வதென்றால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை.

அன்ரி அப்பாவைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். மெல்ல நடந்து வந்து எனக்கு முன்னால் குந்தியிருந்து டெனிஷில் பேசினார். உன் அண்ணாவைப் பற்றி அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் அம்மா என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அண்ணா இறந்துவிட்டார் என்று அவரும் நினைக்கிறாரா? அப்படியென்றால் அங்கே போய் இருக்கலாம், நாங்கள் விதைப்போம். இல்லையென்றால் அவரே விதைக்கட்டும். இதை அவருக்காக வேறு யாரும் சொல்லக் கூடாது. அவரிடம் கேட்டுச் சொல் என்றார்.

நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா தொடங்குவார். சுற்றிவளைப்பு, முகாம், பொடியன், போர்வை, முகம் என்று எல்லாம் வரும். குரல் உயரும், அழுவார், என் வகுப்புப் பிள்ளைகள் பூவாளியோடு நின்று பார்ப்பார்கள். நான் என் வேலையைச் செய்தேன்.

"ஓம், அண்ணா செத்துப்போனார்" என்று டெனிஷில் சொன்னேன்.

அன்ரி என் முகத்தைப் பார்த்தார், நான் கேட்காமலே சொன்னதால் வீட்டில் முன்பே பேசி முடித்த விசயம் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு எழுந்து அம்மாவின் தோளைத் தொட்டு, அவருக்கு விளங்காத மொழியில் ஏதோ மிக மெதுவாகச் சொல்லி, டப்பாவை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அம்மா டப்பாவை விடவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன கேட்டவ?"

"அண்ணா செத்திட்டாரோ எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டு சொன்னன்."

அம்மா ஏசுவார் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை. பரீட்சைத் தாளில் ஏதோ விடையைத் தேடுகிறவர் மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை" என்றேன். "எல்லாருக்கும் தெரியும்தானே அம்மா."

அப்போது அம்மாவின் கை தளர்ந்தது. டப்பா விழாமல் அன்ரி பிடித்துக்கொண்டார். அம்மா சேலையை ஒரு கையால் சற்றே தூக்கிப் பிடித்தபடி, சோளன் கன்றுகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து, கல் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வாங்குக்குப் போனார். அப்பா அண்ணாந்து பார்த்தார். நகர்ந்து இடம் விட்டார். அம்மா இருந்தார். கீழ்வீட்டுக் கிழவர் தன் கோட்டைக் கழற்றி அம்மாவின் தோளில் போட்டார். அப்பாவின் முதுகு குலுங்குவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அம்மா நேராக எதிர் வாங்கைப் பார்த்தபடி இருந்தார்.

அண்ணாவைப் பற்றி உறுதியான செய்தி எதுவும் இன்றுவரை எங்களுக்கு வரவில்லை. செத்துவிட்டார் என்று ஒரு கடிதமும் சொல்லவில்லை, முகாம்காரர் சொல்லவில்லை, அந்தப் பொடியன்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எட்டு மாதமாக அப்பா அதை அம்மாவிடம் சொல்ல வாய் வராமல் படிக்கட்டில் போய் நின்றார். அதை அம்மாவிடம் முதன்முதலில் வாய்திறந்து சொன்னது நான். அதுவும் அண்ணாவின் முகமே சரியாக நினைவில்லாத ஒரு சின்னப் பெண், கேக் முடிந்துவிடும் என்பது போன்ற ஒரு அவசரத்தில். அம்மா பிறகு முப்பத்தொரு நாள் காத்தார், கிரியையும் நடந்தது. அவர் சாகும்வரை அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். நான் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். அப்படி இருந்தாலும் அதைச் சொல்லும் உரிமை என்னுடையது இல்லை. ஒரு தாய் நம்பிக்கையை எப்போது கைவிடுவது என்பதை ஒன்பது வயதுப் பிள்ளை முடிவுசெய்துவிட்டது.

ஆனால் அன்று எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அன்ரியும் இரண்டு அயல்வீட்டுப் பெண்களும் எங்கள் மேட்டில் விதைக்க வந்தார்கள். துடக்கு வீட்டுப் பிள்ளை நானும் வாங்கில்தான் இருந்திருக்கவேண்டும். என்னை யாரும் அனுப்பவில்லை. விரலால் குழி போட்டு, ஊறிப் பருத்த போஞ்சி விதைகளைச் சோளனைச் சுற்றி ஒவ்வொன்றாக வைத்து மூடினேன். மேட்டின் சரிவில் பூசணி விதைகளைப் போட்டேன். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பூவாளியால் தண்ணீர் ஊற்றினாள். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது, எட்டு மாதத்துக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கண்டேன். அம்மாவின் கையை அப்பா பிடித்திருந்தார். அவர்களுடைய சண்டை தீர்ந்துவிட்டது, அதைத் தீர்த்துவைத்தது நான்தான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. சேறு ஒட்டிய கையை உயரத் தூக்கி அவர்களைப் பார்த்து ஆட்டினேன்.

அப்பா குனிந்துகொண்டார். அம்மா சிறிது நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவின் பிடியிலிருந்த கையை விடுவித்து, மெல்லத் தூக்கி, எனக்குப் பதிலுக்கு ஆட்டினார்.